நாய்களுக்கு வருகை எடுத்தவர்

நாய்க்குச் சோறு போட்டவர்கள் உண்டு. நாய்க்கு ஸ்வெட்டர் போட்டவர்கள் உண்டு. நாய்க்கு மெமோ கொடுத்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் தெரு டைம் ஆபீஸ் ஒருவர்தான். அடித்துச் சொல்வேன், ஏனென்றால் அந்த மெமோவை என் கண்ணால் பார்த்தேன். வெள்ளைத் தாளில் கோடு போட்டு எழுதியிருந்தது. வாங்கிக்கொண்ட நாய் அதை மோந்து பார்த்துவிட்டுத் தின்றுவிட்டது. மெமோவைத் தின்றது ஏன் என்று கேட்டு இரண்டாவது மெமோ எழுதினார். அதையும் தின்றது. மூன்றாவதற்கு அவரிடம் தாள் தீர்ந்துபோனதால் அந்த நாய் பிழைத்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கும். கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். தெருவில் யாருக்கும் தெரியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவர். ஆள் எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எழுதிவைக்கிற இடம் அது. ரிட்டையர் ஆகி வந்தபிறகும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. தபால்காரர் "டைம் ஆபீஸ் சார், கையெழுத்து" என்பார். அவர் சம்சாரம் சுலோசனாக்காவே, எங்க டைம் ஆபீஸ் இன்னும் குளிக்கவில்லை என்றுதான் சொல்வார்.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் தெரு. அவர் வீட்டுக்கு நேர் எதிரே எங்கள் வீடு. என் மகனும் மருமகளும் ஆளுக்கொரு கம்பெனி பஸ்ஸில் தேர்வாய் கண்டிகைக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்வேன். எனக்கு அதிகம் பேச வராது. வாய் பேசாதவளுக்குக் கண் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் இத்தனையும் தெரியும்.

முப்பத்தொரு வருஷம் ஆயிரம் பேருக்கு வருகை எடுத்தவர் வீட்டோடு வந்து உட்கார்ந்தால் என்ன ஆவார்? சுலோசனாக்கா குளிக்கப் போனால் கடிகாரம் பார்த்தார். பால்காரரிடம் லேட் என்றார். பால்காரர் அடுத்த நாளிலிருந்து பாலை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டு ஓடினார். அந்த நேரத்தில்தான் நாய்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தெருவுக்கு நல்ல காலம்.

அவர் மகன் மெட்ராஸில் இருந்தபோது ஆசையாக வாங்கியது ஒரு லாப்ரடார். அவனுக்கு ஓசூருக்கு மாற்றலானது. அங்கே அப்பார்ட்மெண்டில் நாய் கூடாதாம். ஒரு மாசம் வைத்துக்கொள்ளுங்கள் நைனா என்று கொண்டுவந்து விட்டான். அந்த மாசம் இன்னும் முடியவில்லை. சந்தன நிறம், பூசணிக்காய் உடம்பு. காலையில் தின்றுவிட்டுப் படுக்கும். பதினோரு மணிக்கு எழுந்து, இடம் மாற்றிப் படுக்கும். முன்பின் தெரியாதவன் வந்தாலும் வாலாட்டிக்கொண்டே கூட்டிப்போய் சோபாவில் பக்கத்தில் உட்கார வைக்கும். ஒரு வாரம் அதைக் கவனித்துவிட்டு டைம் ஆபீஸ் 'ஜி.எம்.' என்று பெயர் வைத்தார். ஜெனரல் மேனேஜர்.

இரண்டாவது பொமரேனியன். ஆரணியில் கட்டிக்கொடுத்த மகளின் மாமியார் வளர்த்தது. அந்த அம்மாவுக்கு நாய் முடியால் தும்மல் வந்ததால் சம்பந்தி வீட்டுக்குச் சீதனமாக வந்துவிட்டது. பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். காற்றடித்தால் குரைக்கும், காற்று நின்றால் ஏன் நின்றது என்று குரைக்கும். உண்மையிலேயே ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதற்கு 'ஹெச்.ஆர்.' என்று பெயர்.

மூன்றாவது ராஜபாளையம். கூட வேலை பார்த்தவர் தெற்கே சொந்த ஊருக்குப் போய்விட்டு வரும்போது தூக்கிவந்து கொடுத்தது. வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஜா நிறத்தில், உயரமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். யார் கூப்பிட்டாலும் திரும்பாது. சொன்னது எதுவும் காதில் விழாது. 'சூப்பர்வைசர்' என்றார். நன்றாகப் பொருந்தியது.

நாலாவதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் வந்ததே அதுதான். நாட்டு நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்திருக்கும். யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கம்பெனி வாசல் டீக்கடையில் திரிந்துகொண்டிருந்தது. ரிட்டையர் ஆன அன்றைக்குச் சால்வை போட்டு, சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்களாம். இவர் கடிகாரத்தை டி.வி.எஸ். ஃபிப்டியில் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே சிப்காட்டிலிருந்து கவரைப்பேட்டை வரைக்கும் ஓடிவந்தது இந்த நாய். கேட்டுக்கு வெளியே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு அதை மேலும் கீழும் பார்த்தார்.

"பர்மனென்ட் வேகன்சி கிடையாது" என்றார் நாயிடம். "கான்ட்ராக்ட்ல வேணா வெச்சிக்கிறேன்."

நாய் ஒத்துக்கொண்டது. அதுவே அதற்குப் பெயரும் ஆனது.

காலை ஆறு மணிக்கு விசில் ஊதுவார். நாலு நாயும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கம்பெனியிலிருந்து வாங்கி வந்த நீளமான நோட்டு ஒன்று இருந்தது. மஸ்டர் என்பார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார், அந்தந்த நாய் ஒரு தடவை குரைக்க வேண்டும். உடனே பிரசென்ட் என்று 'பி' போடுவார். ஜி.எம். படுத்தபடியே குரைக்கும், மேலதிகாரி என்று விட்டுவிடுவார். கான்ட்ராக்ட், பெயர் வாயிலிருந்து வருவதற்குள் குரைத்துவிடும். ஹெச்.ஆர். தன் பெயருக்கும் குரைக்கும், மற்ற மூன்று பேர் பெயருக்கும் குரைக்கும். ஆள் மாறி வருகை கொடுப்பது கம்பெனியில் பெரிய குற்றமாம். நான் முதலில் சொன்ன மெமோ அதற்காகக் கொடுத்ததுதான்.

சிக்கல் சூப்பர்வைசருக்கு. "சூப்பர்வைசர்" என்று கூப்பிடுவார். அது நேர் எதிரே நின்று அவர் முகத்தையே பார்க்கும். குரைக்காது. மறுபடி கூப்பிடுவார். பார்க்கும். "ஆப்சென்ட்" என்று எழுதுவார். ஆப்சென்ட் ஆன நாய்க்குப் பிஸ்கட் கிடையாது. நாலு மாசம் அந்த நாய் தினமும் அவர் மூக்குக்கு முன்னால் நின்று ஆப்சென்ட் ஆனது.

அதைப் பார்த்தால் கீரையைக் கீழே வைத்துவிடுவேன். நானும் அப்படித்தான். ஐந்தாவது வரைதான் படித்தேன். வாத்தியார் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், 'உள்ளேன் ஐயா' தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அவர் தலை நிமிராமல் ஆப்சென்ட் போட்டுவிடுவார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் விடாமல் போனேன். பதிவேட்டில் பாதி நாள் நான் இல்லை.

அந்த நாய்க்குக் காது கேட்காது என்று நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்தால் எங்கள் தெருவில் தூக்கமாத்திரை போட்டவனும் எழுந்து உட்காருவான். அந்த நாய் காதைக்கூட அசைக்கவில்லை. இதைச் சுலோசனாக்காவிடம் சொல்ல எனக்குப் பதினைந்து நாள் ஆனது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டர் அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்துவிட்டு, வெள்ளை ராஜபாளையத்தில் சிலது பிறவியிலேயே இப்படி இருக்கும் என்றாராம்.

டைம் ஆபீஸ் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து சூப்பர்வைசர் முறை வந்தால் பச்சைத் துண்டை ஆட்டினார். அது உடனே குரைத்தது. ஆனால் பழைய ஆப்சென்ட் எதையும் அடிக்க மாட்டேன் என்றுவிட்டார். மஸ்டரில் அடித்து எழுதுவது பாவமாம். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு அடித்தல் கிடையாதாம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆப்சென்டுக்கும் எதிரே, குறிப்பு என்று இருக்கிற இடத்தில், 'வந்தது, கேட்கவில்லை' என்று நாலு மாசத்துக்கும் எழுதினார். கை வீங்கிவிட்டது.

இனி கான்ட்ராக்ட் கதை. அந்த வீட்டில் வேலை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்தது அந்த நாய் மட்டும்தான். பேப்பரை எடுத்து வரும். பெருச்சாளியை விரட்டும். சுலோசனாக்கா கடைக்குப் போனால் கூடவே போய் உட்கார்ந்திருந்து கூட்டிவரும். பர்மனென்ட் மூன்றுக்கும் தோல் பெல்ட், கோழிக்கறி, வீட்டுக்குள்ளே படுக்கை. இதற்கு நைலான் கயிறு, மிச்சச் சோறு, வராந்தா. கம்பெனியிலும் இதேதான் என்று என் மகன் சொன்னான். அவனும் கான்ட்ராக்ட்தான், ஆறு வருஷமாக.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள் இருநூற்று நாற்பது நாள் சேர்ந்தாற்போல வேலை செய்துவிட்டால் பர்மனென்ட் கேட்க வழி உண்டாம். அதனால் அந்த நாள் வருவதற்குள் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுபடி புது ஆள் மாதிரி எடுத்துக்கொள்வார்கள். 'பிரேக்' என்று பெயர். எத்தனையோ பேருக்கு டைம் ஆபீஸ் தன் கையால் பிரேக் எழுதியிருக்கிறார். வழக்கம் விடுமா? நாய்க்கும் எழுதினார்.

நாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் கான்ட்ராக்டின் கயிற்றை அவிழ்த்தார். கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார். பத்து நாள் கழித்து வந்து ஜாயின் பண்ணிக்கொள் என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினார். நாய் கேட்டைப் பார்த்தது. தெருவைப் பார்த்தது. தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுப் படியில் வந்து படுத்துக்கொண்டது. அங்கே படுத்தபடியே அவர் வீட்டுக்குக் காவல் பார்த்தது. அவர் கேட்டில் யாராவது கை வைத்தால் எங்கள் படியிலிருந்து குரைக்கும். பத்து நாளும் சம்பளம் இல்லாத வேலை.

சுலோசனாக்காவுக்குப் பொறுக்கவில்லை. கணவனும் மனைவியும் வாசலில் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏங்க, அது நாயிங்க. கோர்ட்டுக்கா போவப்போவுது?"

"இன்னிக்கி நாயிம்ப. நாளைக்கி சோபாவுல ஏறி உக்காரும்."

"ஜி.எம். உக்காந்துகினுதானே கீது."

"அது பர்மனென்ட்டு."

"அப்போ நான் இன்னா?"

அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நீ மேனேஜ்மென்ட்டு."

"மேனேஜ்மென்ட்டு சொல்றேன், அதை உள்ள உடு."

"எழுத்துல குடு" என்றார்.

அக்காவுக்கு எழுதுகிற பொறுமை இல்லை. கோழிக்கறியை ஒரு கிண்ணத்தில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்க ஊட்டு நாய்க்கு என்று வைத்துவிட்டுப் போவார். நானும் கருவாட்டுக் குழம்புச் சோறு போடுவேன். பதினோராம் நாள் காலையில் விசில் சத்தம் கேட்டதும் நாய் எழுந்து ஓடும். டைம் ஆபீஸ் அதைப் புதிதாகப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்ப்பார். பல்லைப் பார்ப்பார். முன் அனுபவம் இல்லை என்று நோட்டில் எழுதிக் கயிற்றைக் கட்டுவார். மூன்றாவது தடவை இப்படி நடந்தபோது என் மகன் வாசலில் நின்று பார்த்துச் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. அந்த மாசம் அவனுக்கும் பிரேக்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசை. அந்த ஒரு நாயாவது பர்மனென்ட் ஆகட்டும் என்று. சாமியிடம் கேட்டேன். டைம் ஆபீஸிடம் கேட்க வாய் வரவில்லை.

போன வருஷம் ஊரில் நாய்க்கடி அதிகம் என்று பேச்சு வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் வெறிநாய் ஊசி முகாம் வைத்தார்கள். வீட்டு நாய்களுக்குப் பெல்ட் போட்டுக் கூட்டிவர வேண்டும், ஊசி போட்டுச் சீட்டு கொடுப்பார்கள். பெல்ட் இல்லாத நாயை வண்டியில் பிடித்துப்போய் ஆபரேஷன் செய்வார்கள் என்று ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள் என்றார்கள் சிலர். எங்கேயோ விட்டுவிடுவார்கள் என்றார்கள் சிலர். எனக்கு இரண்டாவது பேச்சுதான் மனதில் தங்கியது. முகாம் நாள் எப்போது என்று பார்த்தால், கான்ட்ராக்டுக்குப் பிரேக் நடக்கிற ஏழாம் நாள்.

சுலோசனாக்காவிடம் சொன்னேன். அக்கா டைம் ஆபீஸிடம் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுவரை எதிர் வீட்டில் கட்டிப்போடச் சொல் என்றுவிட்டார். நானும் பழைய புடவையைக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டேன்.

முகாமில் வரிசை பார்க்கிற பொறுப்பு யாருக்கு? கேட்கவே வேண்டாம். நோட்டும் விசிலும் எடுத்துக்கொண்டு, மூன்று பர்மனென்டுகளையும் பிடித்துக்கொண்டு, ஏழு மணிக்கே போய்விட்டார். அங்கே நடந்த முதல் பாதியைச் சுலோசனாக்கா சொல்லித்தான் கேட்டேன். நாய்களை உயரப்படி நிற்க வைத்தாராம். குள்ளநாய் ஒன்று வந்தது, உடம்பு நீளமாக, காலே இல்லாத மாதிரி. அதை உயரத்தில் சேர்ப்பதா நீளத்தில் சேர்ப்பதா என்று கால் மணி நேரம் யோசித்தாராம். ஒருவர் அசல் தெருநாயைக் கொண்டுவந்து ஜெர்மன் ஷெப்பர்டு என்று எழுதச் சொல்லியிருக்கிறார். இவர் அதற்குப் புரூஃப் கேட்டார். அதன் அப்பாவை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள் என்றாராம் அந்த ஆள். ஒரு பெண், பக் என்கிற சப்பை மூக்கு நாயைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். வரிசையில் நிற்க வேண்டியது நாயா பையா என்று அவளோடு ஒரு சண்டை.

நான் இங்கே அடுப்படி வேலையை முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் படியில் நாய் இல்லை. கடித்த புடவைத் துணி மட்டும் தொங்குகிறது. எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. முதலாளி மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போகிறார், காவலுக்கு ஆள் இல்லை. அது சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிர நான் தெருமுனை தாண்டியதில்லை. அன்றைக்குச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

பள்ளிக்கூட கேட்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது. கூண்டுக்குள் கான்ட்ராக்ட். கேட்டில் நின்று டைம் ஆபீஸுக்குக் காவலாக அந்த வண்டியைப் பார்த்துக் குரைத்திருக்கிறது. கழுத்தில் கிழிந்த புடவைத் துணிதான், பெல்ட் இல்லை, வலையைப் போட்டுவிட்டார்கள். சுற்றிலும் நாற்பது நாய், நாற்பது குடும்பம். வண்டிக்கார ஆள் நல்ல பையன்தான், முகத்தில் கோபமே இல்லை. அவன் டைம் ஆபீஸைப் பார்த்துக் கேட்டான்.

"சார், உங்களையே பாத்துகினு வாலாட்டுது. உங்க நாயா? ரெக்கார்டு எதுனா இருந்தா காட்டுங்க, இறக்கி உட்டுட்டுப் போறேன்."

டைம் ஆபீஸ் கை தானாக நோட்டைத் திறந்தது. அன்றைய தேதியில் விரலை வைத்தார். கான்ட்ராக்டுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு கோடு. பிரேக். அவர் கையெழுத்து. சட்டைப் பையில் பேனா இருந்தது. ஒரு அடித்தல் போட்டால் முடிந்தது. பேனா பக்கம் கை போயிற்று, திரும்பி வந்தது.

"ரெக்கார்டு படி..." என்றார். விரலை இன்னொரு தடவை அந்தக் கோட்டின் மேல் ஓட்டினார். "ரெக்கார்டு படி, இன்னிக்கி இது எங்க ரோல்ல இல்ல."

சுலோசனாக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டைம் ஆபீஸ் குரல் கேட்ட சந்தோஷத்தில் கூண்டுக்குள் வால் இன்னும் வேகமாக ஆடியது. வண்டிக்காரன் கதவின் கொக்கியை மாட்டப் போனான்.

"அது எங்க ஊட்டு நாயி."

யார் பேசினது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நாயும்கூட.

"பேரு இன்னாம்மா?" என்று கேட்டுச் சீட்டை எடுத்தான் வண்டிக்காரன்.

கான்ட்ராக்ட் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் ஆறு வருஷமாகக் கேட்டு அலுத்துவிட்டது.

"பர்மனென்ட்டு" என்றேன்.

அவன் எழுதத் தொடங்கினான். அப்போதுதான் டைம் ஆபீஸுக்கு உயிர் வந்தது.

"இருப்பா, எழுதாத. ஏம்மா, நீங்க யாரும்மா அதை பர்மனென்ட்டு பண்றதுக்கு? ஒரு ஆளை பர்மனென்ட்டு பண்றதுன்னா சும்மாவா? சர்வீஸ் பாக்கணும், ரெக்கார்டு பாக்கணும், ஆர்டர் போடணும்."

"அப்போ போடுங்க" என்றேன்.

இருந்த குரல் அவ்வளவுதான். சுவரோரமாகப் போய் நின்றுகொண்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கூண்டைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, நோட்டை மடியில் விரித்து, பேனா மூடியைப் பல்லால் கடித்து எடுத்தார். அன்றைய சிவப்புக் கோட்டின் மேல் ஒரு அடித்தல். மேலே 'பி'. பக்கத்தில் சின்னக் கையெழுத்து. சரி, முடிந்தது என்று வண்டிக்காரன் கொக்கியை எடுக்கப் போனான். இவர் கையைக் காட்டி நிறுத்தினார். முடியவில்லை. பக்கத்தைப் பின்னால் திருப்பினார். நேற்று. முந்தாநாள். போன பிரேக். அதற்கு முந்தின பிரேக். நாய் வந்த நாள் வரைக்கும் ஒவ்வொரு கோடாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையெழுத்துப் போட்டார். நடுவில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெயில் ஏறியது. ஊசி போடுகிற டாக்டர் டீ குடிக்கப் போனார். வரிசை கலைந்து, ஜெர்மன் ஷெப்பர்டு என்று வந்த நாய் குள்ளநாயைத் துரத்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. விசில் அவர் கழுத்தில் சும்மா தொங்கியது. தலை நிமிரவில்லை.

எல்லாம் முடித்து எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"சர்வீஸ்ல பிரேக் எதுவும் கிடையாது. ஜாயின் பண்ண நாள்லேர்ந்து பர்மனென்ட்டு."

அப்புறம் பெல்ட் வேண்டுமே என்றான் வண்டிக்காரன். டைம் ஆபீஸ் சுற்றிலும் பார்த்தார். பிறகு தன் இடுப்பு பெல்ட்டை உருவி நாயின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரு கையில் நாய், ஒரு கையில் பேன்ட். நோட்டை நான் தூக்கி வந்தேன். மற்ற மூன்று நாயையும் சுலோசனாக்கா பிடித்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து மூன்று இடத்தில் நின்றுவிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விசில் அடித்தது. பெயர் மட்டும் மாறாத கான்ட்ராக்ட் வந்து நின்றது, குரைத்தது, 'பி' வாங்கியது. நேராக உள்ளே போய் சோபாவில் ஜி.எம். பக்கத்தில் ஏறிப் படுத்தது. அன்றிலிருந்து அது ஒரு வேலையும் செய்யவில்லை. பேப்பர் தெருவிலேயே கிடந்தது. பெருச்சாளிகள் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தன. கொரியர்காரர் நேராகச் சமையற்கட்டு வரைக்கும் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். கடைசியில் டைம் ஆபீஸே கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாராவது வந்தால் இருமினார். பேப்பரையும் அவரே பொறுக்கினார். பர்மனென்ட் ஆனால் இப்படித்தான் என்று முன்னாலேயே தெரியும் என்பார், ஏதோ பிள்ளை பாஸான மாதிரி பெருமையாக.

என் மகனுக்கு அடுத்த பிரேக் வந்தபோது, முதல் நாள் காலையில் டைம் ஆபீஸ் தெருவைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். எதுவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "ஊட்டுக்கு வா நைனா, நாஷ்டா துன்னலாம்" என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜி.எம்முக்கும் கான்ட்ராக்டுக்கும் நடுவில் இடம் பண்ணி என் மகனைச் சோபாவில் உட்கார வைத்திருந்தார். அந்தப் பத்து நாளும் அவனுக்குக் காலைப் பலகாரம் அங்கேதான்.

இப்போது அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி, ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அக்காவும் கூடப் போயிருக்கிறார். அங்கேதான் நாய் கூடாதே. நாலு நாயும் எங்கள் பொறுப்பில். சாவியும் நோட்டும் என்னிடம்தான். போகும்போது எனக்கு ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா, ஒரு பச்சைத் துண்டு கொடுத்துவிட்டுப் போனார்.

தினமும் காலை ஆறு மணிக்கு வீடியோ காலில் வருவார். மருமகள் வேலைக்குப் போவதற்கு முன்னால் போனை அவர் வீட்டு ஜன்னல் கம்பியில் நிற்க வைத்துவிட்டுப் போவாள். படத்தில் பாதி நேரம் அவர் மூக்கு மட்டும் தெரியும். விசில் ஊதுவார், ஓசூரில் பக்கத்து பிளாட்காரர் சத்தம் போடுவதும் கேட்கும். ஜி.எம். குரைக்கும். ஹெச்.ஆர். எல்லோருக்கும் குரைக்கும். நான் துண்டை ஆட்டுவேன், சூப்பர்வைசர் குரைக்கும். கான்ட்ராக்ட் சோபாவிலிருந்து ஒரு சத்தம் கொடுக்கும். நான் நாலு 'பி' போடுவேன்.

முதல் நாள் அதோடு முடிந்தது என்று நினைத்துப் போனை அணைக்கப் போனேன். அவர் ஐந்தாவதாக ஒரு பெயர் கூப்பிட்டார்.

"எதிர் ஊட்டம்மா."

பழைய பள்ளிக்கூடப் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். உதடு மட்டும் அசைந்தது.

"கேக்கல" என்றார் டைம் ஆபீஸ். "நின்னுகினுதானே கீறீங்க, அப்புறம் இன்னா? ஆப்சென்ட்டு போடவா?"

"உள்ளேன் ஐயா" என்றேன்.

இப்போதெல்லாம் நான் சொல்வது ஸ்டேஷன் வரைக்கும் கேட்கிறது என்று மருமகள் சொல்கிறாள். நாலு மாசம் ஆகிறது. ஒரு நாள்கூட நான் ஆப்சென்ட் இல்லை. அவர் கால் சரியாகி வந்து தன் கையால் நோட்டை வாங்கிக்கொள்கிற வரைக்கும் ஆகப்போவதும் இல்லை.